வாசல் காவலரின் உயிர்

1999-இல் வெளிவந்த ‘தி மேட்ரிக்ஸ்’ படத்தில் பெயரில்லாத காவலர் ஒருவர் வருகிறார். காவல் மிகுந்த கட்டடத்தின் தரைத்தளம். உலோகத்தைக் கண்டறியும் சட்டத்தைக் கடந்து வரும் கறுப்பு அங்கிக்காரனிடம், சாவி, சில்லறை ஏதாவது இருந்தால் எடுத்து வைக்கச் சொல்கிறார். அவன்தான் படத்தின் நாயகன் நியோ. அங்கியை விலக்குகிறான். உள்ளே வரிசையாகத் துப்பாக்கிகள். காவலரால் அதற்கு மேல் எதுவும் சொல்ல முடிவதில்லை.

அதன் பிறகு நடப்பது உலக சினிமாவின் புகழ்பெற்ற சண்டைகளில் ஒன்று. நியோவும் அவன் கூட்டாளி டிரினிட்டியும் சுவரில் ஓடுகிறார்கள், தூண்கள் துகளாகச் சிதறுகின்றன, தோட்டா உறைகள் மழைபோல் கொட்டுகின்றன. வாசூஸ்கி சகோதரிகள் ஹாங்காங்கிலிருந்து யுவென் வூ-பிங் என்ற சண்டை இயக்குநரை வரவழைத்து, நடிகர்களுக்கு மாதக்கணக்கில் பயிற்சி அளித்து உருவாக்கிய படம் இது. தியேட்டரில் விசில் பறந்த காட்சி. விசிலடித்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் காவலர் யார் என்ற கேள்வி எழுந்திருக்கும்?

படத்தின் கதைப்படியே அவர் ஒரு மனிதர். எந்திரங்கள் வளர்க்கும் கோடிக்கணக்கான மனித உடல்களில் ஒன்று அவருடையது. எங்கோ ஒரு திரவத் தொட்டியில் கிடந்தபடி, தான் வேலைக்குப் போய் வருவதாகக் கனவு காண்கிறார். மனம் இல்லாமல் உடல் வாழாது, ஆகவே மேட்ரிக்ஸ் என்ற அந்தக் கனவுலகுக்குள் செத்தால் வெளியிலும் சாவுதான் என்று, நியோவை விழிக்கவைத்த மார்ஃபியஸ் ஏற்கெனவே அவனிடம் சொல்லிவிட்டார். தரைத்தளத்தில் விழுந்த ஒவ்வொருவரும், எந்த மனித குலத்தை மீட்க நியோ புறப்பட்டானோ அந்த மனித குலத்தில் ஒருவர்.

படத்தை எடுத்தவர்கள் இதைக் கவனிக்காமல் விடவில்லை. சிவப்பு உடைப் பெண் நடந்துபோகும் பயிற்சிக் காட்சியில் மார்ஃபியஸ் அதை வெளிப்படையாகவே பேசுகிறார். தெருவில் போகிற ஆசிரியர், வழக்கறிஞர், தச்சர் எல்லோரும் நாம் காப்பாற்ற நினைக்கும் மனங்கள்தான், ஆனால் விழிக்கும்வரை அவர்கள் அந்த அமைப்பின் பகுதி, எனவே நம் எதிரிகள் என்பது அவர் வாதம். இன்னொரு இடத்தில், மனித உடல்களில் புகுந்து வேட்டையாடும் எந்திர நிரலான ஏஜென்ட் ஒருவன் டிரினிட்டி சுட்டு விழுந்த மறுகணம் அந்த உடல் ஒரு சாதாரணப் படைவீரனின் பிணமாக மாறிக் கிடக்கிறது. ஒரு நொடிக்கும் குறைவாக நீடிக்கும் அந்தப் பிம்பத்தில் பெரிய அறக் கேள்வி ஒன்று இருக்கிறது. படம் அங்கே நிற்பதில்லை. நின்றால் ஹெலிகாப்டர் காட்சி தாமதமாகிவிடும்.

அறிவியல் புனைவுச் சண்டைப் படங்களில் பிரம்மாண்டமும் தத்துவமும் ஒன்றையொன்று தாங்குகின்றனவா என்ற விவாதத்தில், பெரும்பாலும் வசனங்களைத்தான் எடைபோடுகிறார்கள். எத்தனை மேற்கோள், எத்தனை தத்துவவாதிகளின் பெயர்! அந்தக் கணக்கில் மேட்ரிக்ஸை வெல்ல ஆளில்லை. நியோ தன் கள்ளச் சரக்கை ஒளித்து வைத்திருப்பது பிரெஞ்சு சிந்தனையாளர் ஜான் போத்ரியாரின் புத்தகத்துக்குள். நிழல்களையே மெய்யென்று நம்பும் கைதிகளைப் பற்றிய பிளேட்டோவின் குகை உவமை இருக்கிறது. 1641-இல் தெகார்த் எழுப்பிய ஐயம் இருக்கிறது: தீய சக்தி ஒன்று நம் புலன்கள் அனைத்தையும் ஏமாற்றிக்கொண்டிருந்தால் எதை நம்புவது? உண்மையை விற்று மாட்டிறைச்சித் துண்டின் ருசியை வாங்கிக்கொள்ளும் துரோகி சைஃபர், ராபர்ட் நோசிக் 1974-இல் முன்வைத்த அனுபவ எந்திரச் சிந்தனைச் சோதனைக்கு உயிருள்ள பாத்திரம்போல வந்து உட்காருகிறான். வேண்டிய இன்பத்தையெல்லாம் மூளைக்குள் ஊட்டும் கருவி கிடைத்தால் அதில் வாழ்நாள் முழுவதும் இணைந்துகொள்வீர்களா என்று கேட்டவர் நோசிக்.

ஆனால் போத்ரியார் இந்த மரியாதையை ஏற்கவில்லை. படம் தன்னைத் தவறாகப் புரிந்துகொண்டது என்று 2003-இல் ஒரு பிரெஞ்சு இதழுக்கு அளித்த பேட்டியில் கூறினார். மெய் எது, நகல் எது என்று பிரிக்கவே முடியாத நிலையைப் பற்றி அவர் எழுதினார். படமோ மெய்யுலகம் இதோ, பொய்யுலகம் அதோ என்று கோடு கிழித்துக் காட்டுகிறது. அந்தப் பழைய பிளேட்டோவின் கோடு தனக்குரியதல்ல என்பது அவர் நிலை. அவர் சொன்னது சரி. கூடவே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சண்டைப் படத்துக்கு அந்தக் கோடு தேவைப்படுகிறது. எதிரி கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்காவிட்டால் யாரைச் சுடுவது?

இந்தியப் பார்வையாளர்கள் இந்தப் படத்தை மாயை என்ற ஒரே சொல்லால் உரிமை கொண்டாடியதுண்டு. அதில் பாதி நியாயம் இருக்கிறது. மூன்றாம் பாகத்தின் முடிவில் ஒலிக்கும் ‘நவரஸ்’ இசைக்கோவையில் பிருஹதாரண்யக உபநிடதத்தின் பிரார்த்தனை, பொய்யிலிருந்து மெய்க்கு அழைத்துப் போகச் சொல்வது, சமஸ்கிருதத்திலேயே பாடப்படுகிறது. ஆனாலும் அத்வைதம் சொல்லும் விழிப்பு வேறு வகையானது. கயிற்றைப் பாம்பென்று பயந்தவன் விளக்கைக் கொண்டுவந்து பார்த்தபின் பாம்பை அடிக்கத் தடி தேடுவதில்லை. நியோவோ கயிறென்று தெரிந்தபின்தான் முழு வேகத்தில் அடிக்கத் தொடங்குகிறான்.

தமிழில் ஞானவாசிட்டமாக வீரை ஆளவந்தார் தந்த நூலின் மூலமான யோகவாசிட்டத்தில் இலவண மன்னன் கதை வருகிறது. மாயவித்தைக்காரன் ஒருவன் மயிற்பீலியை அசைக்கிறான். சிம்மாசனத்தில் அமர்ந்தபடியே சிறிது நேரம் உறைந்துபோன மன்னன் கண் விழித்து, தான் காட்டில் வழிதவறி, ஒதுக்கப்பட்டோர் சேரியில் பெண் கட்டி, பிள்ளை குட்டியோடு பல ஆண்டுகள் வாழ்ந்து, பஞ்சத்தில் பட்ட பாட்டையெல்லாம் சொல்கிறான். கனவு என்று விட்டிருக்கலாம். விடாமல் விந்தியத்துக்குப் போய்த் தேடுகிறான். அந்தச் சேரி அங்கே இருக்கிறது. அந்த மனிதர்கள் அவனுக்காக அழுதுகொண்டிருக்கிறார்கள். பொய் என்று ஒதுக்கிய உலகத்திலும் துயரம் மெய்யாக இருக்கிறது என்பதைக் கண்ணெதிரே நிறுத்தும் கதை இது. மேட்ரிக்ஸ் முதல் பாகத்தில் எவரும் அப்படித் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை.

படத்தின் சமயக் கூறுகளை ஆராய்ந்த ஃபிரான்சஸ் ஃபிளானரி-டெய்லி, ரேச்சல் வாக்னர் என்ற இரு அறிஞர்கள் அதில் பௌத்தத்தோடு ஞோஸ்டிக் மரபையும் கண்டார்கள். இந்த உலகமே தாழ்ந்த ஒரு சக்தி கட்டிய சிறை, ரகசிய ஞானம் பெற்றவர்களுக்கே விடுதலை என்று நம்பிய பழைய கிறித்துவ மரபு அது. முதல் பாகத்தின் மனநிலைக்கு அதுவே பொருத்தமான பெயர். விழித்தவர் சிலர், உறங்குவோர் பலர், உறங்குவோரின் உயிருக்கு எடை குறைவு. இந்த மனநிலை திரைக்கு வெளியேயும் பரவியது. உண்மையைக் காண நியோ விழுங்குவது ஒரு சிவப்பு மாத்திரை. பெண் வெறுப்பைக் கொள்கையாகக் கொண்ட இணையக் குழுக்கள் ‘சிவப்பு மாத்திரை விழுங்கியவர்கள்’ என்று தங்களை அழைத்துக்கொண்டன. 2020-இல் எலான் மஸ்க் சிவப்பு மாத்திரையை எடுத்துக்கொள்ளச் சொல்லி ட்விட்டரில் எழுதியபோது லில்லி வாசூஸ்கி கோபமாக எதிர்வினையாற்றினார். அவர் கோபம் நியாயமானது. ஆனாலும் அந்த மாத்திரையை இவ்வளவு சுலபமாகக் கடத்திக்கொண்டுபோக வழிவிட்ட திறப்பு அந்தத் தரைத்தளக் காட்சியிலேயே இருந்தது.

அப்படியானால் துப்பாக்கியும் துரத்தலும் உள்ள படத்தில் சிந்தனைக்கு இடமே இல்லையா? மேட்ரிக்ஸுக்கு எட்டு ஆண்டுகள் முன்னால் வந்த இன்னொரு படத்தில் இன்னொரு வாசல் காவலர் இருக்கிறார்.

ஜேம்ஸ் கேமரனின் ‘டெர்மினேட்டர் 2’, 1991. முதல் பாகத்தில் ஒரு காவல் நிலையத்தையே பிணக்காடாக்கிய அதே வகை எந்திரம், அதே ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர். இம்முறை அது பத்து வயதுச் சிறுவன் ஜானின் கட்டளைக்கு அடங்கியது. வழியில் ஒருவனைச் சுடப் போகும்போது சிறுவன் தடுக்கிறான். ஆட்களைக் கொல்லக் கூடாது என்கிறான். ஏன் என்கிறது எந்திரம். கூடாதென்றால் கூடாது என்கிறான். மறுபடியும் ஏன்? சிறுவனிடம் பதில் இல்லை. அறவியலாளர்கள் நூற்றாண்டுகளாக அடித்தளம் தேடிக்கொண்டிருக்கும் கேள்வி அது. சிறுவன் அடித்தளம் கிடைக்கும்வரை காத்திருக்கவில்லை, சத்தியம் வாங்கிவிடுகிறான்.

ஜானின் தாய் சாரா கானர் அடைக்கப்பட்டிருக்கும் மனநல மருத்துவமனையின் வாசலில் காவலர் குறுக்கே வருகிறார். எந்திரம் அவர் காலில் சுட்டுவிட்டு, பிழைத்துக்கொள்வார் என்று அறிவிக்கிறது. பிற்பாடு சைபர்டைன் நிறுவனக் கட்டடத்தில் காவல்துறை வாகனங்கள் மீது அது சுழல் துப்பாக்கியால் குண்டு மழை பொழிகிறது. கார்கள் சல்லடையாகின்றன, காவலர்கள் சிதறி ஓடுகிறார்கள், பிறகு எந்திரத்தின் கண்வழியே திரையில் ஓர் எண் தெரிகிறது: மனித உயிரிழப்பு 0.0. படத்தின் மிகச் சத்தமான இடத்தில், ஒரு சிறுவனின் வாக்கு காப்பாற்றப்பட்டதா என்பதே பார்வையாளரின் பதற்றமாக மாறுகிறது. இங்கே தத்துவம் வசனமாக வந்து சண்டையை நிறுத்தவில்லை. சண்டை எப்படி நடக்க வேண்டும் என்பதையே அது தீர்மானிக்கிறது. சாரா, வருங்காலப் பேரழிவுக்குக் காரணமாகப் போகிற, ஆனால் இன்னும் எந்தக் குற்றமும் செய்யாத சைபர்டைன் பொறியாளர் மைல்ஸ் டைசனை அவன் வீட்டிலேயே கொல்லப் போய், அவன் மனைவி மகனின் முன்னால் விசையை இழுக்க முடியாமல் உடைந்து உட்காருகிறாளே, அதுவும் அப்படித்தான். வருங்காலக் குற்றத்துக்கு இன்று தண்டனை தரலாமா என்ற கேள்விக்கு அவள் விரல் பதில் சொல்கிறது.

ரிட்லி ஸ்காட்டின் ‘பிளேடு ரன்னர்’ 1982-இலேயே இதன் வேறொரு வடிவத்தைச் செய்திருந்தது. தப்பி ஓடும் செயற்கை மனுஷி ஜோராவை, அத்தகையோரை வேட்டையாடும் டெக்கார்ட் முதுகில் சுடுகிறான். கண்ணாடிச் சுவர்களை உடைத்துக்கொண்டு அவள் விழுவதை மெதுவாக, கொண்டாட்டமே இல்லாமல், சாவாகவே காட்டுகிறது கேமரா. கடைசியில் இன்னொரு செயற்கை மனிதன் ராய் பேட்டி தன்னை வேட்டையாட வந்த டெக்கார்டைக் கூரை விளிம்பிலிருந்து தூக்கி எடுக்கிறான். ராய் பேட்டியாக நடித்த ருட்கர் ஹாவர் தாமே சுருக்கித் திருத்திய அந்த இறுதிப் பேச்சு புகழ்பெற்றுவிட்டது. ஆனால் பேச்சுக்கு முன்பே அந்தக் கை முடிவைச் சொல்லிவிட்டது. வெளியானபோது படம் வசூலில் தோற்றது. 

சிந்தனையைச் செயலாகக் காட்டும் இந்த வழிக்கு நேரெதிராக நடந்தது மேட்ரிக்ஸின் இரண்டாம் பாகம். கிளர்ச்சிகூட ஆள்பவர்கள் வகுத்த திட்டத்தின் ஒரு பகுதிதான், நியோவுக்கு முன்னால் ஐந்து மீட்பர்கள் வந்துபோனார்கள் என்று மேட்ரிக்ஸை வடிவமைத்த ஆர்க்கிடெக்ட் அறிவிப்பது துணிச்சலான கருத்து. அது ஓர் அறையில் உட்கார்ந்து ஆற்றப்படும் உரையாக வருகிறது. அலமேடாவின் பழைய கடற்படைத் தளத்தில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தனி நெடுஞ்சாலை அமைத்து எடுத்த துரத்தல், கண் இமைக்க விடாதது. இரண்டுக்கும் இடையே கதவு சாத்தியே இருக்கிறது. தன்னைத்தானே நகலெடுத்துப் பெருகிய ஏஜென்ட் ஸ்மித், அப்படிப்பட்ட நூறு ஸ்மித்துகளோடு மோதும் நியோ கடைசியில் சலித்ததுபோல் பறந்துபோய்விடுகிறான். பறக்க முடிந்தவன் முதலிலேயே பறந்திருக்கலாம். அந்தச் சண்டையில் யாருக்கும் எதுவும் பணயமில்லை.

யுவென் வூ-பிங் சென்னைக்கும் வேலை செய்திருக்கிறார். 2010-இல் வந்த ஷங்கரின் ‘எந்திரன்’ படத்தின் சண்டைகளில் அவருக்குப் பங்குண்டு. அந்தப் படத்தின் ஆழமான காட்சி எது என்று கேட்டால் பலரும் அருங்காட்சியக முடிவைச் சொல்வார்கள், தான் சிந்திக்கத் தொடங்கியதால் பிரிக்கப்பட்டதாக எந்திர மனிதன் சிட்டி ஒரு சிறுமிக்குப் பதில் சொல்லும் இடம். நல்ல இடம்தான். ஆனால் அதைவிடப் பெரியது தீவிபத்துக் காட்சி. எரியும் கட்டடத்திலிருந்து சிட்டி பலரைத் தூக்கி வருகிறது. குளித்துக்கொண்டிருந்த பெண்ணையும் அப்படியே, உடையில்லாமல், கேமராக்களின் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவமானம் தாங்காமல் ஓடும் அவள் வாகனத்தில் அடிபட்டுச் சாகிறாள். கட்டளை நிறைவேறிவிட்டது, உயிர் போய்விட்டது. உயிரைக் காப்பது மட்டும் காப்பதாகுமா? வெட்கம் என்றால் என்ன என்று தெரியாத அறிவிடம் மனிதரை ஒப்படைக்கலாமா? செயற்கை நுண்ணறிவு பற்றி இன்று நடக்கும் விவாதங்களின் மையத்தில் உள்ள கேள்வியைத் தமிழ் வணிக சினிமா ஒரு சாகசக் காட்சியின் நடுவில் வைத்து எழுப்பியது. இரண்டாம் பாதியில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் உருண்டையாகவும் பாம்பாகவும் அடுக்கப்படும்போது, செத்துவிழும் காவலர்களைப் பற்றி அந்தக் கரிசனம் மிஞ்சவில்லை. ஒரே படத்துக்குள் இரண்டு வழிகளும் இருக்கின்றன.

வாசூஸ்கிகளுக்கும் முதல் பாகத்தின் கடன் நினைவிருந்தது என்று கருத இடமுண்டு. 2003 நவம்பரில் வந்த ‘மேட்ரிக்ஸ் ரெவலூஷன்ஸ்’ படத்தில், ஓர் இரயில் நிலையத்தில் ராமா-காந்த்ரா என்ற இந்தியப் பெயருள்ள கணினி நிரலைச் சந்திக்கிறான் நியோ. பயனற்றவள் என்று அழிக்கப்படவிருக்கும் தன் மகள் சதியைக் காப்பாற்ற அந்தத் தகப்பன் அலைகிறான். எதிரி முகாமிலும் பாசம் இருக்கிறது என்று நியோ தெரிந்துகொள்ளும் முதல் தருணம் அது. எந்திர நகரத்துக்குப் போய் அவன் கேட்பது வெற்றியை அல்ல, சமாதானத்தை. ஸ்மித்தோடு மழையில் நடக்கும் நீண்ட மோதலின் முடிவில் அவன் எதிர்ப்பதை நிறுத்துகிறான், தன்னையே கொடுக்கிறான், அதனால்தான் ஸ்மித் அழிகிறான். வெளியேற விரும்புகிறவர்கள் விடுவிக்கப்படுவார்கள் என்று ஆர்க்கிடெக்ட் உறுதியளிக்கிறார். முதல் பாகம் எதிரிகள் என்று எழுதித் தள்ளிய உறங்குவோருக்கு இங்கே விருப்பம் என்ற ஒன்று திரும்பக் கிடைக்கிறது.

அறிவியல் புனைவுச் சண்டைப் படம் ஒன்று கொல்லாமையை நோக்கி இவ்வளவு தூரம் நடந்துவந்தது அரிது. ஆனால் அந்த முடிவுக்கு முன்னால், விழித்த மனிதர்களின் நகரமான ஸயனின் துறைமுகத்தில் எந்திர உடைகளுக்குள் நின்று ஆயிரக்கணக்கான தோட்டாக்களைப் பொழியும் போர் நீண்டுகொண்டே போகிறது. அங்கே சாகிறவர்களை நமக்கு அறிமுகப்படுத்தப் படத்துக்கு நேரமில்லை. களைத்துப்போன பார்வையாளரிடம் சமாதானம் வந்து சேரும்போது அது தோல்விபோலத் தெரிந்தது. அதே ஆண்டு மே மாதம் வந்த இரண்டாம் பாகம் உலகெங்கும் 70 கோடி டாலருக்கு மேல் ஈட்டியிருந்தது. மூன்றாம் பாகம் 45 கோடியைத் தொடவில்லை. நியோ சண்டையை நிறுத்திய படத்துக்கு அவன் நூறு ஸ்மித்துகளை அடித்த படத்தைவிடக் கூட்டம் மிகக் குறைவாகவே வந்தது.