உயிரிரக்கமும் வினைக்கொள்கையும்

பிறர் படும் துன்பம் அவரவர் வினைப்பயனேயாயின், யாம் இரங்கித் துணைநிற்றல் இறைவன் ஊட்டும் பிராரத்துவத்தைத் தடுப்பதாகாதோ எனச் சித்தாந்தங் கற்றாருட் சிலர் வினவுகின்றனர். வன்னெஞ்சிற்குச் சாத்திரப் போர்வை போர்த்துவதே இவ்வினாவென்பது எம் கருத்து.

நாமக்கல்லை அடுத்த திருச்செங்கோட்டில் நிகழ்ந்ததை நோக்குக. பண்டு கொடிமாடச்செங்குன்றூர் எனப்பட்ட அப்பதியில் ஆளுடைய பிள்ளையார் எழுந்தருளியிருந்த பனிக்காலத்தே, உடன்வந்த அடியார்கள் குளிர்சுரத்தால் வருந்தினர். பிள்ளையார் அதனை நிலத்தியல்பென்றாதல் அவர்தம் வினையென்றாதல் வாளாவிருந்தாரல்லர். திருநீலகண்டப் பதிகம் அருளினார். வினையென்று மொழிந்து உய்தி நாடாதிருத்தலைக் குறையென்று கடிவதே அதன் முதற்பாட்டு. ஆலமுண்டு அமரரைக் காத்தவன் கண்டத்தின்மீது ஆணையிட்டுச் சுரம் தீர்த்தமையும் கருதற்பாலது. மேலும், அந்நோய் அடியாரை மட்டுமன்றி அந்நாடெங்கும் நீங்கிற்றென்பர் சேக்கிழார். இவ்விடத்தை நம்மவர் விரைந்து கடந்துவிடுகின்றனர். நீறணிந்தார், அணியாதார் என்னும் பாகுபாடு அவ்வருளில் இல்லை.

வினைப்பயனை ஊட்டுவோன் இறைவனே. நோய் அவன்வழி வந்ததாயின், மருந்தேந்திய கையும் அவன்வழி வந்ததன்றோ? அக்கை மடங்கின் தடைப்படுவது பிறர்வினையன்று, நம் அன்பே. சித்தியார் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில் அருணந்தி சிவாசாரியார், பிறவுயிர்பால் அன்பிலாரை இறைவன்பால் அன்பிலாரோடு ஒரே நிரையில் வைத்துள்ளார்.