விலையின்றிக் கிடைத்ததற்கும் ஹக்கு உண்டு



அண்மையில் கண்டரமாணிக்கத்தில் உள்ள நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். மஃரிபு தொழுதுவிட்டுத் திண்ணையில் அமர்ந்தபோது, அவருடைய மகன் செல்பேசியில் பேருந்து ஓட்டிக் கொண்டிருந்தான். எட்டிப் பார்த்து வியந்து போனோம். திரையில் ஓடியது நம்முடைய அரசுப் பேருந்து! நெற்றிப் பலகையில் காரைக்குடி என்ற பெயர். பக்கவாட்டில் கும்பகோணம் கோட்டத்தின் எழுத்து. ஜன்னல் கம்பி கூட நாம் அன்றாடம் பிடித்துக்கொண்டு போகும் அதே கம்பிதான்.

பிள்ளை தயங்கித் தயங்கித் தன் தகப்பனாரிடம் கேட்டான்: "அத்தா, இந்தப் பஸ்ஸைச் செய்த அண்ணனுக்கு நூறு ரூபாய் அனுப்பட்டுமா?"

"சும்மா கிடைத்ததற்கு எதற்குடா காசு?" என்றார் நண்பர். பிறகு நம் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்கள் பாய்! விளையாட்டே வீண். அதற்குத் தர்மம் வேறா?" என்று கேட்டார்.

உடனே விடை சொல்ல நமக்கு வாய் வரவில்லை. ஊர் திரும்பிய பின்னும் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. ஆகவே அதை வாசகர்கள் முன் வைக்கிறோம்.

விளையாட்டு ஆகுமா ஆகாதா என்பதை இங்கே நீட்ட விரும்பவில்லை. தொழுகையைத் தவற விடாமலும், சூதும் ஆபாசமும் கலவாமலும், படிப்பைக் கெடுக்காமலும் ஓய்வு நேரத்தில் விளையாடும் பிள்ளையைப் பற்றியே பேசுகிறோம். ஐயமுள்ளவர்கள் தங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளியலாம்.

இது எப்படி உண்டாகிறது?

அந்த விளையாட்டு முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழும் இந்தோனேசியாவில் பிறந்தது. மலேயோ என்னும் நிறுவனம் 2017 இல் வெளியிட்ட 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' என்பது அதன் பெயர். முதலில் அதில் இருந்தவை அந்நாட்டுப் பேருந்துகளே. ஆனால் அந்த நிறுவனம் ஒரு கதவைத் திறந்து வைத்தது. யார் வேண்டுமானாலும் தம் கையால் ஒரு வண்டியைச் செய்து அதில் ஓட்டலாம் என்று இடம் கொடுத்தது. இவ்வாறு மற்றவர் செய்து சேர்க்கும் மாற்றத்தையே 'மாட்' என்கிறார்கள். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் உள்ள இளைஞர்கள் அந்தக் கதவு வழியே நுழைந்து நம்மூர் வண்டிகளைக் கொண்டுபோய் ஓட விட்டார்கள்.

இது எளிய வேலை அன்று. பேருந்தை நாலா பக்கமும் படம் எடுக்க வேண்டும். நீள அகலம் பிசகாமல் கணினியில் உருவத்தைக் கட்ட வேண்டும். சாதாரணச் செல்பேசியும் தாங்கும்படி அதன் கனத்தைக் குறைக்க வேண்டும். வண்ணம், எழுத்து, விளக்கு, கதவு எல்லாம் பொருத்திப் பலமுறை ஓட்டிப் பார்த்துத் திருத்த வேண்டும். பகலில் கல்லூரிக்கோ வேலைக்கோ போய்விட்டு இரவில் கண் விழித்து இதைச் செய்பவர்கள் உண்டு. செய்து முடித்ததும் பலர் விலையின்றியே கொடுத்து விடுகிறார்கள். பின் கண்ணாடியின் ஓரத்தில் தம் பெயரை மட்டும் எழுதி வைக்கிறார்கள்.

இத்தகைய உழைப்பைச் சிறுபிள்ளை வேலை என்று தள்ளிவிட முடியாது. மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரு இளைஞர்கள் 'ஹாஃப் லைஃப்' என்ற விளையாட்டை மாற்றியமைத்து 1999 இல் 'கவுண்டர் ஸ்ட்ரைக்' செய்தார்கள். மூல விளையாட்டின் சொந்தக்காரரான வால்வ் நிறுவனமே மறு ஆண்டு அதை ஏற்றுத் தன்னுடையதாக வெளியிட்டது.

இரண்டு வகை

எனினும் மாட் என்ற ஒரே பெயரில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. சொந்தக்காரர் திறந்து வைத்த கதவு வழியே போய் ஒரு பொருளைக் கூட்டிக் கொடுப்பது ஒன்று. விலைக்கு விற்கும் விளையாட்டின் பூட்டை உடைத்து, காசு கொடுக்காமலே எல்லாம் கிடைக்கும்படி செய்து பரப்புவது மற்றொன்று. முன்னது ஹதியா. பின்னது, எந்த அழகிய பெயர் சூட்டினாலும், திருட்டு. 1988 இல் குவைத்தில் கூடிய அனைத்துலக இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூல் எழுதியவருக்கும் புதியன கண்டவருக்கும் உள்ள உரிமை ஷரீஅத்தின் பாதுகாப்புக்கு உரியது, அதில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. கையால் தொட முடியாத பொருளிலும் ஹக்குல் இபாத், அதாவது அடியார்களின் உரிமை, உண்டு என்பதே இதன் சாரம்.

காரைக்குடியின் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பழைய செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்களும் நிலைகளும் அங்கே விலைக்கு வருகின்றன. உரியவரிடம் முறையாக வாங்கிய தூணை நம் வீட்டில் நட்டு, மேலே நமக்கு வேண்டியபடி பூ வேலையும் செய்யலாம். ஊரார் பாராட்டுவார்கள். பூட்டிய வீட்டில் இரவில் பெயர்த்த தூணை நட்டால், அதன் நிழலில் எப்படி நிம்மதியாக உட்கார முடியும்?

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒருவர் செய்த பேருந்தை எடுத்து, பின் கண்ணாடியில் இருந்த பெயரை அழித்து, தம் பெயரை எழுதிப் பரப்புபவர்கள் இருக்கிறார்கள். சிலர் அதை விற்கவும் செய்கிறார்கள். 2015 ஏப்ரலில் வால்வ், பெதெஸ்டா நிறுவனங்கள் 'ஸ்கைரிம்' விளையாட்டின் மாட்களை விலைக்கு விற்க ஏற்பாடு செய்தன. செய்தவருக்குக் கிடைப்பது நூற்றுக்கு 25 பங்கே. அத்துடன் ஒருவருடைய வேலையை மற்றவர் விற்கிறார் என்ற புகாரும் சேர்ந்து எழுந்தது. சில நாட்களிலேயே அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. பணம் புகுந்த இடத்தில் யாருடையது எது என்ற கேள்வியும் புகுந்து விடுகிறது.

இதை எழுதும் நாமும் குற்றமற்றவர்கள் அல்லர். வேறோர் இதழில் வந்த நல்ல கட்டுரையை எடுத்துப் போடும்போது அடியில் 'நன்றி' என்று எழுதி இதழின் பெயரைக் குறிப்பது பத்திரிகை வழக்கம். ஒரு முறை இடம் போதவில்லை என்று அந்த ஒரு வரியை நீக்கி விட்டோம். நல்ல செய்திதானே, யார் எழுதினால் என்ன என்று மனம் சமாதானம் சொன்னது. பின்னர் எழுதியவரே நேரில் வந்தார். கோபிக்கவில்லை. "பெயராவது இருந்திருந்தால் என் பிள்ளைகளிடம் காட்டியிருப்பேன்" என்றார். அந்தச் சொல் இன்றும் உறுத்துகிறது.

நண்பருக்கு நம் விடை

விலையின்றிக் கிடைத்த பொருளுக்குக் காசு கொடுப்பது கடமை அன்று. கொடுத்தவர் மனமுவந்து கொடுத்தார். வாங்கியவர் கடனாளி ஆகவில்லை. ஆனால் மூன்று காரியங்கள் நம் மீது உண்டு. அவருடைய பெயரை அழிக்கக் கூடாது. அவர் அனுமதித்த எல்லையைத் தாண்டக் கூடாது. நன்றியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனிதருக்கு நன்றி செலுத்தாதவன் இறைவனுக்கு எப்படி நன்றி செலுத்துவான்? இதற்கு மேல் வசதியுள்ளவர், வீட்டாரின் அனுமதியோடு, மகிழ்ந்து கொடுப்பது ஹதியாவுக்கு ஹதியா. கொடுக்குமுன் அவர் வேறு என்ன செய்கிறார் என்பதையும் பார்த்துக் கொள்ள வேண்டும். ஆபாசத்தைச் சேர்த்துப் பரப்புகிறவருக்குப் போகும் காசு அந்தப் பாவத்திற்கும் துணையாகி விடும்.

இந்த விடையைச் சொல்ல மறுபடியும் கண்டரமாணிக்கம் சென்றோம். நண்பர் அமைதியாகக் கேட்டார். பிறகு மெல்ல, "பாய், அவன் செல்பேசியில் இன்னொரு விளையாட்டு இருக்கிறது. விலைக்கு உள்ளது. பூட்டை உடைத்த பிரதி. அதைத் தெரிந்தவரிடம் கேட்டு ஏற்றிக் கொடுத்தது நான்தான்" என்றார். மகனைக் கூப்பிட்டு, "அதை எடுத்துவிடு" என்றார். பிள்ளையின் முகம் வாடியது. நெடுநாள் ஆடிச் சேர்த்ததெல்லாம் அதில் இருந்தது. எனினும் எடுத்து விட்டான்.

சற்று நேரம் கழித்து நண்பர் கேட்டார்: "பஸ் செய்த அந்தப் பையன் எந்த ஊர்?"

"தெரியாது அத்தா. பின் கண்ணாடியில் பேர் மட்டும் இருக்கு."

நண்பர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு செல்பேசியை வாங்கி, அந்தச் சிறிய எழுத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு சட்டைப்பைக்குள் கையை விட்டார்.

சகோதரர்களே! நம் வீட்டுச் செல்பேசிகளிலும் நாம் பெயர் கேளாமல் அனுபவிக்கும் உழைப்பு எவ்வளவோ இருக்கும். பிறர் ஹக்கைப் பேணி வாழும் தவ்பீக்கை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.