மிச்சம் நின்ற கட்டை

2010 ஜனவரி 18, திங்கட்கிழமை இரவு. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் பிளேனோ என்கிற ஊர். பில் ஃபாங் என்பவர் வாராந்திர லீக்கில் பௌலிங் ஆடிக்கொண்டிருந்தார். கிரிக்கெட் பந்துவீச்சு அல்ல. எண்ணெய் பூசிய லேனில் கனத்த பந்தை உருட்டிவிட்டு, கோடியில் முக்கோணமாக நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்க்கிற ஆட்டம். ஃபாங் அதைப் பிழைப்பாகக் கொண்டவர் அல்லர், லீக் ஆட்டக்காரர். ஓர் ஆட்டத்தில் பன்னிரண்டு வீச்சிலும் பத்தும் சாய்ந்தால் 300. மூன்று ஆட்டம் சேர்ந்து 900. அதற்கு மேல் எண்ணிக்கையே இல்லை. அன்று அவர் முதலில் உருட்டிய 35 பந்துகளும் அடுத்தடுத்து ஸ்ட்ரைக், அதாவது ஒரே வீச்சில் பத்தும் சாய்ந்தன. 36-ஆவது பந்தில் ஒன்பது கட்டைகள் சாய்ந்தன. வலது பின்மூலையில் நிற்கும் பத்தாவது கட்டை ஆடியது, விழவில்லை. 899. அன்றிரவே அவருக்குப் பக்கவாதம் வந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் பிற்பாடு சொன்னார்கள். 900 கிடைத்திருந்தால் அந்தப் பரபரப்பே தன் உயிரைக் குடித்திருக்கும் என்று அவர் நம்பினார். இந்தக் கதையைப் படித்த பலருக்கும் பக்கவாதமே அதன் உச்சம். எனக்கு அப்படி இல்லை. காவிரிக் கரையில், பௌலிங் லேனின் வாடையே இல்லாத திருவையாற்றில் இருந்துகொண்டு இதை யோசிக்கும்போது, திரும்பத் திரும்ப மனம் போய் நிற்பது அந்தப் பத்தாவது கட்டையிடம்தான்.

ஏன் அது விழவில்லை? மோசமான வீச்சு என்று சொல்லிவிட முடியாது. வலக்கை ஆட்டக்காரரின் பந்து முதல் கட்டைக்கும் மூன்றாம் கட்டைக்கும் நடுவே, ஆட்டக்காரர்கள் 'பாக்கெட்' என்று சொல்லும் இடத்தில் நுழைய வேண்டும். நுழைந்தால் பந்து நேரடியாகச் சாய்ப்பது சில கட்டைகளையே. மற்றவற்றைக் கட்டைகளே ஒன்றையொன்று சாய்த்துக்கொள்கின்றன. பத்தாவதை வீழ்த்த வேண்டியது அதற்கு முன்னால் நிற்கும் ஆறாவது கட்டை. பந்து ஒரு நூலிழை மாறி நுழைந்தால் ஆறாவது பறக்கும், பத்தாவதின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடும், தொடாது. பார்ப்பவர் கண்ணுக்கு ஸ்ட்ரைக் ஆன வீச்சும் இதுவும் ஒன்றுபோலவே இருக்கும். 60 அடி தூரத்தில் செய்த காரியம், கடைசி ஒரு சாணில் வேறு விதமாக முடிகிறது. வலக்கைக்காரர்கள் இந்தக் கட்டையைச் சபிப்பதில் அர்த்தம் இருக்கிறது. சரியாகச் செய்தவனுக்கு முன்னாலும் அது நிற்கும்.

ஆனால் அந்த ஆட்டத்தின் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தால், ஆட்டத்தை வகுத்தவர்கள் இதை முன்பே நினைத்திருக்கிறார்கள் என்று தெரியும். ஓர் ஆட்டத்துக்குப் பத்து ஃபிரேம். ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் இரண்டு பந்து; கடைசி ஃபிரேமில் மட்டும் ஸ்ட்ரைக்கோ ஸ்பேரோ ஆனால் உபரிப் பந்து உண்டு. முதல் பந்தில் பத்தும் போனால் ஸ்ட்ரைக். பத்துடன் அடுத்த இரண்டு பந்தின் எண்ணிக்கையும் சேரும். இரண்டாவது பந்தில் மிச்சத்தைத் தீர்த்தால் ஸ்பேர். பத்துடன் அடுத்த ஒரு பந்து சேரும். இப்போது இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஒரு ஃபிரேம் விட்டு ஒரு ஃபிரேம் ஸ்ட்ரைக் போடுகிறார். இடையில் வரும் ஃபிரேம்களில் ஒன்பதைச் சாய்த்துவிட்டு மிச்சம் நிற்கும் ஒன்றைத் தவறவிடுகிறார். ஐந்து ஸ்ட்ரைக், ஐந்து முறை கைதட்டல். அவர் கணக்கு 140. இன்னொருவர் ஒரு ஸ்ட்ரைக்கூடப் போடவில்லை. பத்து முறையும் ஒன்பதைச் சாய்க்கிறார், பத்து முறையும் மிச்சம் நின்ற ஒற்றைக் கட்டையை இரண்டாம் பந்தில் எடுக்கிறார், கடைசி உபரிப் பந்திலும் ஒன்பது. அவர் கணக்கு 190. யாரும் கைதட்டியிருக்க மாட்டார்கள். ஐம்பது எண்ணிக்கை வித்தியாசம், அத்தனையும் மிச்சத்தில் இருந்து வந்தது. பொழுதுபோக்குக்கு ஆடுபவர் தன் எண்ணிக்கையை உயர்த்த விரும்பினால், பந்தைச் சுழற்றி வளைக்கும் வித்தையைவிட மூலையில் நிற்கும் ஒற்றைக் கட்டையை எடுக்கும் பழக்கமே முதலில் வேண்டும் என்பது இந்தக் கூட்டல் கணக்கிலேயே இருக்கிறது. அதற்கென்று வளையாமல் நேராக ஓடும் பிளாஸ்டிக் பந்து ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வார்கள். இடப்பக்கம் நின்று லேனின் குறுக்காக உருட்டுவார்கள். பக்கத்திலேயே கட்டர் பள்ளம் வாய் திறந்திருப்பதால், நடுவில் நிற்கும் கட்டைக்கு உள்ளதுபோல் பிழைக்கு இடம் இதற்கு இல்லை.

இது காகிதக் கணக்குதானே, நிஜத்தில் எல்லாருக்கும் ஒன்பதா சாயும், ஏழாவதும் பத்தாவதுமாக இரு மூலையில் இரண்டு நின்றால் என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயம். அந்தப் பிளவைத் தொழில்முறை ஆட்டக்காரர்களே அபூர்வமாகத்தான் எடுக்கிறார்கள். அதில் ஒன்றை எடுத்துவிட்டு மேலே போவதே விவேகம். ஆனால் ஓரளவு பழகிய கை விட்டுவைப்பது பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ, அதுவும் சேர்ந்தாற்போல் நிற்பவை. அவற்றை விடுவதற்கு வித்தைக் குறைவு காரணம் அல்ல, அலட்சியம் காரணம். முதல் பந்து ஏமாற்றிவிட்ட எரிச்சலில் இரண்டாவதைக் கடனே என்று உருட்டுவது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அது திருக்குறளில் இருந்தே வருகிறது. படைச்செருக்கு அதிகாரத்தில் வள்ளுவர் காட்டு முயலைக் குறி தவறாமல் எய்த அம்பைவிட, யானையின்மேல் எறிந்து தவறிய வேலைக் கையில் ஏந்துவதே இனிது என்கிறார். ஸ்ட்ரைக் யானை, ஸ்பேர் முயல். அப்படியானால் மேலே சொன்ன 190-காரர் பத்து முயல் பிடித்தவர்; ஃபாங்கோ கடைசி யானையைத் தவறவிட்ட வேலோடு நிற்பவர். வள்ளுவர் யார் பக்கம் நிற்பார் என்பதில் சந்தேகமில்லை. மகாபாரதத்தில் துரோணர் வைத்த சோதனையும் அந்தப் பக்கம்தான். கிளையில் செயற்கைப் பறவை. மற்றச் சீடர்களுக்கு மரமும் இலையும் அண்ணன் தம்பிகளும் தெரிகிறார்கள். அர்ச்சுனனுக்குப் பறவையின் தலை மட்டும். ஒரே அம்பு, கதை முடிந்தது. சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்ட யாரும், தவறியிருந்தால் இரண்டாவது அம்பை எப்படி எய்வது என்று கேட்டதில்லை. குறி தவறாதவர்களின் கதைகளையே குழந்தைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். தவறிய மறுகணம் என்ன செய்வது என்பதற்கு நம்மிடம் கதை குறைவு.

ஆனாலும் வள்ளுவர் பேசுவது போர்க்களம். அங்கே ஒரு நாளில் எல்லாம் முடிந்துவிடும். எறிபவனின் துணிவு என்ன என்பதே கேள்வி. லீக் அப்படி இல்லை. வாரா வாரம், மாதக்கணக்கில் நடப்பது. அங்கே கேட்கப்படுவது சராசரி. சராசரிக்குத் துணிவு தெரியாது. திருவையாற்றில் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாட்டை அதிகம் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். சங்கீதத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அகார சாதகம் என்னும் அடிப்படைப் பயிற்சிகள் அந்த இரண்டாம் பந்தைப் போன்றவை. எந்தச் சபையிலும் யாரும் சரளி வரிசை பாடச் சொல்லிச் சீட்டு அனுப்புவதில்லை. ஆனால் நிரவலில் ஒரு பிடி வராமல் போகும்போது பாடகரைக் காப்பாற்றி மறு ஆவர்த்தத்தில் எடுப்பில் கொண்டுவந்து சேர்ப்பது, மாயாமாளவகௌளையில் விடியற்காலையில் செலவழித்த அந்தச் சலிப்பூட்டும் மணிகளே. பௌலிங்கிலும் அப்படியே. தமிழ்நாட்டின் ஷபீர் தன்கோட் போலப் பலமுறை தேசியப் பட்டம் வென்றவர்களை நாம் பட்டத்தைக் கொண்டுதான் அறிகிறோம். மூலைக் கட்டையோடு அவர்கள் கழித்த பொழுது செய்தித்தாளில் வராது.

இந்த இடத்தில் வாதம் முடிந்துவிட்டதாகவே தோன்றும். மிச்சத்தைக் கவனி, எண்ணிக்கை ஏறும். ஆனால் எண்ணிக்கை ஏறியது என்றால் ஆட்டக்காரர் ஏறினார் என்று அர்த்தமா? 1982 ஜூலை 1 அன்று கலிபோர்னியாவின் லா ஹாப்ராவில் கிளென் அலிசன் 36 பந்திலும் பத்தைச் சாய்த்தார். 900. ஃபாங்குக்குக் கிடைக்காதது அவருக்குக் கிடைத்தது. ஆனால் அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் அதை அங்கீகரிக்க மறுத்துவிட்டது. லேனில் எண்ணெய் பூசியிருந்த விதம் விதிக்கு ஒத்துவரவில்லை என்றது. முதல் அங்கீகரிக்கப்பட்ட 900-க்கு உலகம் 1997 பிப்ரவரி வரை, ஜெரமி சொனன்ஃபெல்ட் வரை காத்திருந்தது. லேனின் முன்பகுதியில், ஏறத்தாழ 40 அடிக்கு, எண்ணெய் பூசுவார்கள். பந்து அதில் வழுக்கிப் போய், காய்ந்த பகுதியில் பிடிப்புக் கிடைத்து வளையும். பொழுதுபோக்கு லீக்குகளுக்கு நடுவில் அதிகமாகவும் ஓரங்களில் குறைவாகவும் பூசுவது வழக்கம். ஓரத்துக்குப் போன பந்து பிடிப்புக் கிடைத்துத் திரும்பி வந்துவிடும். உள்ளே தவறிய பந்து வழுக்கி நேராகப் போய்விடும். அதாவது தளமே ஆட்டக்காரரின் பிழையைத் திருத்திக்கொடுக்கிறது. அதே ஆள் போட்டிக்கான கடினமான பூச்சில் ஆடினால் சராசரி மளமளவென்று இறங்கும். அப்படியிருக்க 180 என்கிற ஒருவரின் சராசரியில் எவ்வளவு மனிதன், எவ்வளவு எண்ணெய்? பத்தாவது கட்டையை எடுக்கும் நேர்ப்பந்துக்கு எண்ணெயால் வரும் வித்தியாசம் மிகக் குறைவு என்பது என் பக்கத்துக்கு ஒரு சாட்சி. எல்லாச் சாட்சியும் அப்படி இல்லை.

அடுத்தது இன்னும் சங்கடமானது. லீக்குகளில் ஹேண்டிகேப் என்று ஒன்று உண்டு. திறமை குறைந்தவர் எண்ணிக்கையில் கொஞ்சம் கூட்டிக்கொடுப்பது. ஒரு லீக் 220-ஐ அளவாக வைத்து, ஆட்டக்காரரின் சராசரிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தில் 90 சதவீதம் தருவதாகக் கொள்வோம். சராசரி 150 என்றால் 63 கூடுதல், மொத்தம் 213. அவர் ஒரு வருஷம் பாடுபட்டு மூலைக் கட்டைகளை எடுக்கப் பழகி 170-க்கு வருகிறார். இப்போது கூடுதல் 45 மட்டுமே, மொத்தம் 215. இருபது எண்ணிக்கை முன்னேற்றத்தில் பதினெட்டை லீக் திருப்பி எடுத்துக்கொண்டது. நம் டெல்டாக் கிராமங்களில் பிள்ளைகள் கிட்டிப்புள் ஆடும்போது, பக்கத்து வீட்டுப் பொடியனையும் சேர்த்துக்கொள்ள ஒரு வழி வைத்திருந்தார்கள். அவன் 'ஒப்புக்குச் சப்பாணி'. எல்லாரோடும் ஓடலாம், அடிக்கலாம். கணக்கில் மட்டும் வரமாட்டான். அந்தப் பொடியனுக்கு அது தெரியாத வரை ஆனந்தமாக ஆடுவான். தெரிந்த நாளில் இரண்டில் ஒன்று: அழுதுகொண்டு வீட்டுக்குப் போவான், இல்லையென்றால் யாரும் கணக்கில் எடுக்காவிட்டாலும் புள்ளைத் தூரமாக அடிக்கவே முயல்வான். ஹேண்டிகேப் என்பது அதையே பெரியவர்களுக்குத் தெரியும்படி, தசமக் கணக்கோடு செய்வது. ஆட்டத்தில் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் அந்த நல்லெண்ணமே, உயர்ந்தவனின் உயர்வைச் சமன்செய்தும் விடுகிறது.

அப்படியானால் எதற்கு முன்னேற வேண்டும்? உடம்புக்கு நல்லது, நண்பர்கள் கிடைப்பார்கள் என்பதெல்லாம் ஆடுவதற்கான காரணங்கள். நன்றாக ஆடுவதற்கான காரணங்கள் அல்ல. இங்கே திருவையாற்றில் ஆண்டுதோறும் புஷ்ய பகுள பஞ்சமியில் தியாகராஜர் சமாதியின் முன் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என ஐந்து ராகத்துப் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் சேர்ந்திசையாக ஒலிக்கின்றன. முன் வரிசையில் பேர்பெற்ற வித்வான்கள், பின்னால் எங்கெங்கிருந்தோ வந்த மாணவர்கள். ஸ்வரத்தில் ஒருவர் தடுக்கினால் அடுத்தவருக்குக்கூடக் கேட்காது, கூட்டம் விழுங்கிவிடும். மதிப்பெண் கிடையாது, பலகை கிடையாது. அப்படியும் மாதக்கணக்கில் சாகித்யத்தைத் திருத்திப் பாடம் செய்துகொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். பக்தி என்று சொல்லி இதை முடித்துவிடலாம். ஆனால் பக்திக்குச் சரியான ஸ்வரம் தேவை என்று யாரும் சொன்னதில்லையே. தப்பாகப் பாடிய பக்தரையும் அந்தச் சந்நிதி திருப்பி அனுப்புவதில்லை. ஆகவே அவர்கள் சரியாகப் பாட விரும்புவதற்குப் பக்தியைத் தாண்டி ஏதோ ஒன்று இருக்கிறது. அது மேட்டிமையா, மரியாதையா, வெறும் பிடிவாதமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தானே தனக்கு வைத்துக்கொண்ட கணக்கு என்று சொல்லிப் பார்த்தேன். அதுவும் பாதி விடைதான். பலகையில் 899 என்று எழுதியிருக்காவிட்டால் ஃபாங்கின் கதை நம் காதுக்கு வந்தே இருக்காதே.

ஸ்பேரைப் பழகினால் எண்ணிக்கை உயரும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. உயர்ந்த எண்ணிக்கையால் என்ன கிடைக்கும் என்பதில் உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை. சென்னையிலோ சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ லீக் ஆடும் வாசகர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள்: அடுத்த பருவம் முழுக்க, பயிற்சி நேரத்தில் பாதியை மூலைக் கட்டைகளுக்குக் கொடுத்துப் பாருங்கள். சராசரி எவ்வளவு ஏறியது, ஹேண்டிகேப் எவ்வளவு குறைந்தது, அதற்குப் பிறகும் அந்தப் பயிற்சியைத் தொடர்ந்தீர்களா, விட்டுவிட்டீர்களா என்று எழுதுங்கள். மூன்றாவது கேள்விக்கான பதிலைத்தான் முதலில் படிப்பேன்.