வீடு முடியும் வரையில்



அறுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு கணவனையும் மனைவியையும் உங்கள் மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். அமெரிக்காவில் சிக்காகோ நகரை அடுத்த ஒரு பகுதியில் முப்பது ஆண்டுகள் குடியிருந்தவர்கள். உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றாயிற்று. பிள்ளைகள் தத்தம் குடும்பத்தோடு வெவ்வேறு மாநிலங்களில் இருக்கிறார்கள். பழைய வீட்டை விற்றுவிட்டு, மிஸ்ஸூரி மாநிலத்தின் ஓசார்க் மலைப்பாங்கில் கொஞ்சம் நிலம் வாங்கி, கடைசிக் காலத்துக்கென்று புது வீடு கட்டத் தொடங்குகிறார்கள். வீடு முடியும் வரையில் எங்கே இருப்பது? அதே நிலத்தின் ஓரத்தில் ஓர் ஆர்.வி. வண்டியை நிறுத்தி அதில் குடியேறுகிறார்கள். இவர்களை நாம் உதாரணத்துக்காகவே கற்பித்துக்கொண்டோம். ஆயினும் இவ்விதம் வாழ்கிறவர்கள் அந்நாட்டில் அநேகர்.

ஆர்.வி. என்பது சக்கரங்களின்மேல் அமைந்த சிறு வீடு. சில வண்டிகள் தாமே எஞ்சினுடன் ஓடும். சிலவற்றை வேறொரு வண்டி இழுத்துச் செல்லும். அகலம் எட்டு அடி, மிஞ்சினால் எட்டரை. அதற்குள்ளேயே படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, குளியலறை எல்லாம் அடங்கவேண்டும். நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, குளித்துக் கழுவிய நீருக்கு ஒன்று, மலஜலத்துக்கு வேறொன்று. நிறைந்த தொட்டியைக் காலி செய்யாமல் ஒருநாளும் தள்ளமுடியாது. முப்பது ஆம்பியர் மின் இணைப்பில் ஏர்கண்டிஷனரையும் மைக்ரோவேவ் அடுப்பையும் சேர்த்துப் போட்டால் மின்சாரம் நின்றுவிடக்கூடும். சுவரோ மெல்லியது. உறைபனி நாளில் தண்ணீர்க் குழாய் உறைந்துபோகும்.

இப்படிப்பட்ட இடத்தில் எத்தனை நாள்? அமெரிக்காவில் ஒரு தனி வீடு கட்டி முடிய, அனுமதி கிடைத்த நாளிலிருந்து சராசரியாக ஏறக்குறைய 10 மாதம் ஆகிறது. சொந்தக்காரரே முன்னின்று கட்டினால் இன்னும் சில மாதம் கூடும். கிணறு தோண்டவேண்டும், செப்டிக் டாங்க் புதைக்கவேண்டும், ஒவ்வொரு கட்டத்திலும் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கவேண்டும். 2021-ம் ஆண்டில் மர விலை வரலாறு காணாத அளவுக்கு ஏறியபோது, கட்டடம் தொடங்கியவர்கள் பலர் பாதியில் நின்று தவித்தார்கள். அங்கே பல கவுண்டிகளின் சட்டம், சொந்த நிலமானாலும் இத்தகைய வண்டியில் நிரந்தரமாகக் குடியிருக்க விடாது. கட்டட அனுமதி நடப்பிலுள்ள வரையில் மட்டும் சிலவற்றில் இடங்கொடுக்கும். ஆகவே, “இது தற்காலிகம்” என்று சட்டமே சொல்லிவிடுகிறது.

நமது கேள்வி இங்கேதான் எழுகிறது. தற்காலிகமான காலம் வாழ்க்கையில் சேர்த்தியா, அல்லவா?

அல்லவென்றே நாம் பெரும்பாலும் எண்ணுகிறோம். வண்டியில் இருக்கும் அந்த மனிதர் என்ன சொல்லுகிறார், கேளுங்கள். “வீடு முடியட்டும், அப்புறம் அடுத்த நிலத்துக்காரரைச் சாப்பிடக் கூப்பிடலாம்.” “வீடு முடியட்டும். தம்பிக்குக் கடிதம் எழுதலாம்.” மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தால், “வீடு முடியட்டும், நிதானமாகப் பேசலாம்.” விருந்தோம்பலும் சமாதானமும் நிதானமும் எல்லாம் கதவு ஜன்னல் வைத்த பிறகு வந்து சேரும் என்பது அவருடைய கணக்கு.

அந்தக் கணக்கைச் சற்றுப் பரிசோதிப்போம். அந்நாட்டில் 65 வயதை எட்டியவர் சராசரியாக இன்னும் ஏறத்தாழ 19 ஆண்டுகள் ஜீவித்திருப்பார். அதில் ஒன்றரை ஆண்டு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அது கையும் காலும் திடமாயிருக்கும் ஒன்றரை ஆண்டு என்பதை மறக்கக்கூடாது. சராசரி என்பதும் யாருக்கும் கொடுத்த வாக்குறுதி அன்று. இருவரில் ஒருவர் அந்தப் புது வாசற்படியை மிதிக்காமலே கண் மூடவும் கூடும். அப்படியானால், அவர்களுக்குச் சேர்ந்து வாழக் கிடைத்த கடைசி வீடு எது? எட்டடி அகல வண்டியே அல்லவா? அந்த மாதங்களைக் கணக்கில் சேர்க்காமல் தள்ளிவைத்தவர், எதைத் தள்ளிவைத்தார் என்பதை அப்போதுதான் அறிவார்.

நல்ல வீட்டை விரும்புவது குற்றமா என்று நீங்கள் கேட்கலாம். ஒருபோதும் இல்லை. முதுமையில் படியேறாமல் நடமாடவும், பேரப்பிள்ளைகள் வந்தால் படுக்கவும் இடம் தேடுவது விவேகமே. வரப்போகும் வீட்டை நினைத்து இன்றைய நெருக்கடியைப் பொறுத்துக்கொள்வதும் நல்லதுதான். கடமையை வீட்டோடு சேர்த்துத் தள்ளிப்போடுவதே தவறு. செங்கலுக்கும் மரத்துக்கும் காத்திருக்கத்தான் வேண்டும். மன்னிப்புக் கேட்பதற்கு எந்த மரம் வந்து சேரவேண்டும்?

மேலும், நெருக்கமான இடம் நமக்கு ஓர் உண்மையைக் காட்டிக்கொடுக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் தோரோ 1845-ம் ஆண்டு வால்டன் குளக்கரையில் பத்தடிக்குப் பதினைந்தடியில் ஒரு குடிசை கட்டி, இரண்டு ஆண்டுக்குச் சற்று அதிகமாக அதில் வசித்தார். எளிய வாழ்வுக்கு அவரை இன்றும் உதாரணமாகச் சொல்லுகிறார்கள். ஆனால் அவர் தனியாக இருந்தார் என்பதைக் கவனியுங்கள். குறுகிய இடத்தில் ஒருவர் வாழ்வது ஒன்று; இருவர் வாழ்வது முற்றிலும் வேறு. பழைய வீட்டில் கோபம் வந்தால் கணவர் தோட்டத்துக்கும் மனைவி மாடிக்கும் போய்விடலாம். கோபம் ஆறியதா, புதைந்ததா என்று யாரும் பார்க்கவேண்டியதில்லை. வண்டியில் படுக்கைக்கும் அடுப்புக்கும் நாலெட்டு. ஒருவர் நடக்க மற்றவர் ஒதுங்கவேண்டும். ஒருவர் இருமினால் மற்றவர் விழித்துக்கொள்வார். சிறிய இடம் புதிய குற்றங்களை உண்டாக்குவதில்லை. பெரிய வீடு இத்தனை நாளும் மறைத்துவைத்திருந்ததையே அது வெளியே கொண்டுவருகிறது. வண்டியில் விட்டுக்கொடுக்கக் கற்றுக்கொள்ளாத தம்பதிகளுக்குப் புது வீடு என்ன கொடுக்கும்? பேசாமல் இருப்பதற்கு இன்னும் சில அறைகளைக் கொடுக்கும், அவ்வளவுதான்.

சாமான்களின் விஷயமும் இப்படியே. பழைய வீட்டின் தட்டுமுட்டுகள் எல்லாம் வாடகைக் கிடங்கில் பூட்டிக் கிடக்கின்றன. ஓராண்டு சென்றபின், பெட்டிகளில் என்ன இருக்கிறதென்று இருவருக்கும் சரியாக நினைவில்லை. 1950-ல் அமெரிக்காவில் கட்டிய புது வீடு சராசரியாக ஆயிரம் சதுர அடிக்கும் குறைவு. இன்றோ அது 2,000 சதுர அடியையும் தாண்டுகிறது. ஆனால் ஒரு வீட்டில் வாழ்பவர் தொகையோ சராசரியாக 3.4 பேரிலிருந்து 2.5 ஆகக் குறைந்திருக்கிறது. ஆட்கள் குறைய, அறைகள் பெருகின. வண்டியின் நிழற்படுதாவின் கீழ் இரண்டு மடக்கு நாற்காலிகளைக் கூடுதலாகப் போட்டு அயலாரை உபசரிக்கத் தெரியாதவருக்கு, விருந்தினர் அறை எதற்கு?

பழைய ஏற்பாட்டுக் காலத்து இஸ்ராயேல் மக்கள், அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்த சமயத்தில், வீட்டை விட்டிறங்கி ஏழு நாள் இலைதழைப் பந்தலில் தங்குவது வழக்கம். தங்கள் முன்னோர் வனாந்தரத்தில் கூடாரங்களில் வாழ்ந்ததை நினைவுகூரவே அது ஏற்பட்டது. யூதர் இன்றும் அந்தத் திருநாளை அனுசரிக்கிறார்கள். இல்லாத காலத்தில் அன்று, நிறைந்த காலத்திலேயே பந்தலுக்குப் போனார்கள் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். வைத்திருப்பவனுக்கே அந்த நினைவு அதிகம் வேண்டும்.

இன்னொன்றையும் நம் தம்பதிகள் மறக்கலாகாது. அதே நாட்டில், வீட்டு வாடகை கொடுக்க வழியின்றி வண்டிகளிலேயே வாழ்நாளைக் கழிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அதே குளிர், அதே நெருக்கம். வித்தியாசம் ஒன்றே: இவர்களுடைய சிரமத்துக்கு ஒரு முடிவு நாள் உண்டு, அவர்களுடையதற்கு இல்லை. ஆகையால் இவர்கள் தங்கள் கஷ்டத்தைப் பெருமையாகச் சொல்லித் திரிவதற்கில்லை. உறைந்த குழாயைச் சூடாக்க விடியற்காலையில் எழுந்த ஒருவர், பிற்பாடு தம் சூடான வீட்டிலிருந்து சாலையோர வண்டியைப் பார்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாரானால், அந்த ஒன்றரை ஆண்டு வீணாய்ப் போயிற்று.

வாசகரே, நீங்கள் வண்டியில் குடியிருக்கவில்லை. ஆனாலும் உங்களிடமும் ஒரு “முடியட்டும்” இருக்கத்தான் செய்கிறது. கடன் தீரட்டும், மகள் கலியாணம் முடியட்டும், சொந்த வீட்டுக்குப் போகட்டும், ஓய்வு பெறட்டும். ஒன்று முடிந்தால் மற்றொன்று வந்து நிற்கும். எல்லாம் முடிந்த நாள் என்று ஒன்று யாருக்கும் விடிந்ததில்லை.

அந்தத் தம்பதிகளின் வீடு என்றாவது முடியும், சாவியைக் கொடுப்பார்கள். ஆனால் அன்று உள்ளே நுழையும் கணவனும் மனைவியும் எப்படிப்பட்டவர்கள் என்பது வண்டியிலேயே தீர்மானமாகியிருக்கும். நீங்களும் இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். “அப்புறம்” என்று ஒதுக்கிவைத்தவற்றுள் பணமும் இடமும் தேவைப்படாத ஒன்றைத் தேடி எடுங்கள். அது ஒரு கடிதமாயிருக்கலாம், ஒருவரைப் போய்ப் பார்ப்பதாயிருக்கலாம், வீட்டில் ஒருவருக்குச் சொல்லவேண்டிய ஒரு வார்த்தையாயிருக்கலாம். இப்போது நீங்கள் இருக்கும் இந்த வீட்டிலிருந்தே, இது எவ்வளவு சிறியதானாலும், அதைச் செய்து முடியுங்கள்.