பிறப்பும் மூப்பும்: தோட்டத்துப் பராமரிப்பில் ஓர் அறவினா

மலையகத் தோட்டங்களில் பிரசவம் கணக்கில் ஏறும் நிகழ்ச்சி. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் தோட்டத்துத் தாய்க்கும் உரிமை வகுத்தது. மருத்துவிச்சியும் பிள்ளைக்காம்பராவும் தோட்டத்தின் அங்கங்களாயின. இதில் கருணை இல்லையென்பதற்கில்லை. ஆயினும், இன்றைய சிசு நாளை கொழுந்து பறிக்கும் என்ற கணக்கும் உடன் நின்றது.

அச்சிசுவைப் பெற்றவளே முதுமையில் அட்டன் பகுதி லயமொன்றில் படுக்கையில் விழுந்தால்? செக்ரோலில் இப்போது அவள் பெயர் இல்லை. இருமலுக்கு மருந்து கிடைக்கலாம். மாரியம்மனுக்கு வைத்த நேர்த்தி நிறைவேறவில்லையே என்னும் துயரை எப்பதிவேட்டில் எழுதுவது? ஆஸ்பத்திரித் தாதி தமிழறியாதவராயின் அதனைச் சொல்லவும் இயலாது.

தாதியாகத் தொடங்கி மருத்துவரான சிசிலி சோண்டர்ஸ், 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்தவர். சாவை நெருங்கியோரின் நோவில் உடல், மனம், சுற்றம், ஆன்மா என்னும் நான்கும் பிரிக்கவியலாதவை என்றார் அவர். ஆன்மப் பராமரிப்பு என்றவுடன் பலர் பூசாரியைத் தேடுவர், அவரும் வேண்டும்தான். அதற்கு முன், அவள் மொழியில் அருகமர்ந்து கேட்பவர் வேண்டும்.

உழைப்புக்கு ஈடே பராமரிப்பு எனக் கொண்டாலும், ஆயுள் முழுதும் கூடை சுமந்தவள் அதனை முன்னரே செலுத்திவிட்டாள். எனினும் இவ்வாதம் போதாது. பிறவியிலேயே நடக்கவியலாது, ஒருநாளும் பேர் பதியாத பக்கத்துக் காம்பராக் கிழவருக்கு இவ்வாதம் எதனையும் தருவதில்லை. அவருக்கும் இரவில் அச்சம் வரும்.