பெயர் சூட்டலும் நீதியும்

மத்ரஸாவில் மன்திக் எனும் தர்க்கக் கலையைத் தொடங்கும் மாணவன், வரையறை கூறும் முறையைக் கற்கிறான். வரையறை 'ஜாமிஃ' ஆகவும் 'மானிஃ' ஆகவும் இருத்தல் வேண்டும். பொருளுக்குரிய அனைத்தையும் அடக்க வேண்டும், உரியதல்லாத எதையும் உள்ளே விடலாகாது. அரசியல் மேடைகளில் புழங்கும் வர்க்கச் சொற்களை இவ்வளவுகோலால் அளப்போர் அரியர்.

ரஷ்ய மொழியில் 'குலாக்' என்றால் முஷ்டி. புரட்சிக்கு முன்னர், ஊராரை நெரித்த வட்டிக்காரனையும் கொள்ளை லாப வணிகனையும் கிராமத்தார் அப்பெயரால் சுட்டினர். அது செயலைக் குறித்த சொல். அதில் உண்மை இருந்தது. வட்டியை விட்டவன் அப்பெயரினின்றும் விடுபடவும் கூடும். பின்னர் அச்சொல் அரசின் கைக்குச் சென்றது. கூலியாள் வைத்தவன், சற்றே கூடுதல் நிலமோ மாடோ உடையவன் எனப் பொருள் விரிந்தது. 1929 டிசம்பரில், குலாக்குகளை ஒரு வர்க்கமாகவே ஒழிக்கப் போவதாக ஸ்டாலின் அறிவித்தார். அஞ்சியவர் சிலர் மாட்டை விற்றனர். விற்றும் பெயர் நீங்கவில்லை. கூட்டுப் பண்ணையை எதிர்த்த ஏழையை என்னென்பது? அதற்கும் ஒரு சொல் கண்டனர்: 'போத்குலாச்னிக்', அதாவது குலாக்கின் அடிவருடி. மானிஃ முற்றும் அற்ற வரையறை இது. 1930, 1931 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுமார் 18 லட்சம் பேர் தொலைவிடங்களுக்குப் பெயர்த்தனுப்பப்பட்டனர். குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். குழந்தை எவரிடம் வட்டி வாங்கிற்றோ! மகன் தந்தைக்காகப் பொறுப்பேற்பதில்லை என 1935-இல் ஸ்டாலினே கூறினார். 1937 ஜூலையில் பிறந்த இரகசிய ஆணையோ 'முன்னாள் குலாக்கு'களை மீண்டும் தேடிற்று.

இதைக் காட்டி, வர்க்கம் பற்றிய பேச்சே தீது எனச் சாதிப்போர் உளர். அவர்களோடு நாம் உடன்படுவதற்கில்லை. வாரன் பஃபெட் எனும் அமெரிக்கப் பெருஞ்செல்வர், தாம் 17.4 சதவீதமே வரி செலுத்துவதாகவும், தம் அலுவலகத்தார் சராசரி 36 சதவீதம் செலுத்துவதாகவும் 2011 ஆகஸ்டில் எழுதினார். அடுத்த மாதம், செல்வர் மீது கூடுதல் வரி விதிக்க அதிபர் ஒபாமா முற்பட்டபோது, பால் ரயான் முதலிய எதிர்க்கட்சியினர் அதனை 'வர்க்கப் போர்' என்றனர். விகிதம் பற்றிய வினாவுக்கு விகிதத்தால் விடை தருவதன்றோ முறை? அவர்களுள் சிலர் பொருளாதாரக் காரணங்களையும் கூறினர்தாம். ஆயின் மக்கள் காதில் நின்றது அந்தப் பெயரே. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. அங்கே உயிர்கள் போயின. இங்கே போனது ஒரு வினா. அவ்வினாவைக் கேட்டவர்களில் செல்வர் ஒருவரும் இருந்தார் என்பதை அப்பெயர் மறைத்துவிட்டது.