கதிர்காமத் திரையும் உடுவில் விறாந்தையும்

சோளகக் காற்று வீசத் தொடங்கினால் உடுவிலில் கதிர்காமப் பேச்சும் தொடங்கிவிடும். மகன் வான் ஒழுங்குபண்ணுவார். விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வந்த பேரப்பிள்ளைகள் உட்பட வீடு முழுவதும் அதில் ஏறிவிடும். முழங்கால் நோவுள்ள அம்மா மட்டும் படலையடியில் நின்று, "போட்டு வாங்கோ மோனை, நான் வீட்டைப் பாக்கிறன்" என்பார்.

அதற்குப் பிறகு நாலைந்து நாட்கள் அந்த வீட்டில் பேச்சுக் குரல் குறைவு. அம்மா விடிய எழும்பி முற்றம் கூட்டுவார். செம்பரத்தம்பூ ஆய்ந்து சாமிப் படத்துக்கு வைத்து விளக்கேற்றுவார். வெயில் ஏறியதும் பாயில் காயும் மிளகாயைக் கிளறிவிடுவார். பின்னேரம் விறாந்தையில் இருந்துகொண்டு, "இப்ப வவுனியா தாண்டியிருப்பினம், விடியத் திசமகாராமைக்குப் போயிடுவினம்" என்று தமக்குள் சொல்லிக்கொள்வார்.

இந்த அம்மாவுக்குத் தரிசனம் தவறிவிட்டதா?

கதிர்காமத்தில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாக வாரக்கணக்கில் நடந்து, உகந்தையில் காட்டுக்குள் இறங்கி, குமண, யால வனங்களைக் கடந்து வருகிறார்கள் பாதயாத்திரை அடியார்கள். மாணிக்க கங்கையில் முழுகி ஈர உடையோடு சந்நிதிக்குப் போகிறார்கள். அங்கே அவர்கள் காண்பது முருகனின் உருவம் எழுதிய ஒரு திரை. வாயைத் துணியால் கட்டிய பூசகரான கப்புறாளை திரைக்கு அப்பால் பூசை செய்கிறார். விழா நாட்களில் யானைமேல் வள்ளியம்மன் கோயிலுக்குப் போவதும் மூடிய பேழைதான். அத்தனை தூரம் நடந்தவரும் கடைசியில் கண்ணை மூடித்தான் கந்தனைக் காண வேண்டும்.

அதே காட்சிக்கு விறாந்தையில் இருக்கும் அம்மாவுக்கு என்ன தடை?

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் பூசலார் வருகிறார். ஊர் திருநின்றவூர். கோயில் கட்டப் பொருள் தேடி அலைந்தார், கிடைக்கவில்லை. ஊரிலேயே இருந்து, கல்லும் மரமும் தச்சரும் எல்லாம் நினைவிலேயே சேர்த்து, நல்ல நாள் பார்த்து அடிநிலையிட்டு, விமானமும் மதிலும் கிணறும் குளமும் மனத்துக்குள் அமைத்தார். குடமுழுக்குக்கு அவர் குறித்த நாளையே, காஞ்சியில் கற்றளி எழுப்பிய பல்லவ மன்னனும் குறித்திருந்தான். இறைவன் மன்னன் கனவில் வந்து, அன்பன் கட்டிய கோயிலுக்குத் தாம் போகவேண்டும், உன் விழாவைத் தள்ளி வை என்றார். அந்தக் கோயிலைத் தேடிப் போன மன்னன் திருநின்றவூரில் கட்டடம் எதையும் காணவில்லை. பூசலாரிடம் கேட்டு உண்மை அறிந்ததும் அவர் காலில் விழுந்து வணங்கினான்.

பூசலார் காஞ்சிக்குப் போகவில்லை. காஞ்சி மன்னன்தான் அவரிடம் வந்தான். கதிர்காமம் போய் வருகிற பிள்ளைகள் இதை மனத்தில் வைக்க வேண்டும். வழியில் அம்மாவுக்கு ஒரு தொலைபேசி எடுங்கள். வீடு வந்ததும் பயணப் பையை அவிழ்க்க முன்னம் திருநீற்றை அவர் நெற்றியில் பூசிவிடுங்கள். மாணிக்க கங்கையில் எவ்வளவு தண்ணீர் ஓடியது, வழியில் யானை கண்டீர்களா என்று அவர் கேட்பார். களைப்பென்று சொல்லாமல் இருந்து கதைத்துவிட்டுப் பிறகு படுக்கப் போங்கள்.